மீனுக்கு அம்மை போட்ட மார்கழி

வேப்பிலை தண்ணீரில் ஊறி அழுகினால் ஒரு வாசனை வரும். கசப்புக்கு வாசனை உண்டென்றால் அதுதான். நேற்று எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பங்கொத்து செருகியிருந்தார்கள். பக்கத்தில் மஞ்சள் கரைத்த குடத்துக்குள் உதிர்ந்த இலைகள் கறுத்துக் கிடந்தன. அந்த வாசலைத் தாண்டி வேகமாக நடந்தேன். கால்தான் தாண்டியது. மூக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன அரிமளத்தில் போய் நின்றுகொண்டது, ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால்.

அந்தத் தொட்டியைக் கொண்டுவந்தவர் என் கணவர். பினாங்கில் ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை. கல்யாணமான மறு வருஷம் லீவில் வந்தவர், இரும்புச் சட்டம் போட்ட தொட்டியும் மண்ணெண்ணெய் டின்னில் தங்கமீன்களுமாக ரயிலை விட்டு இறங்கினார். டின்னில் கிளம்பியவை எத்தனையோ, எங்கள் முற்றத்துக்கு உயிரோடு வந்து சேர்ந்தவை இரண்டு. அவற்றின் மேலும் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அவர் பதறவில்லை. அடுப்படிக்குப் போய்க் கல்லுப்பு அள்ளிவந்து கரைத்து ஊற்றினார். தொட்டியை வெயில் விழும் பக்கம் நகர்த்தினார்.

"இது பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. தோலுக்கடியில உக்காந்து திங்கும். உப்பும் சூடும் அதுக்கு ஆகாது" என்றார். "புள்ளி உதிர்ந்துருச்சுன்னு உப்ப நிறுத்திராத. உதிர்ந்தது அடியில போயி நூறாப் பெருகி மறுபடியும் ஏறும். அடி மண்டிய எடுத்துக்கிட்டே இருக்கணும். புதுசா எந்த மீனு வந்தாலும் நேரா உள்ள விடாத. தனிப் பானையில கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டு அப்புறம் விடு."

அவர் என்னோடு பேசியதில் ஆக நீளமான பேச்சு அதுதான். பிறகு கப்பலேறிவிட்டார். எனக்கு மிஞ்சியது இரண்டு மீனும் ஒரு மாமியாரும்.

மீன்கள் கண்ணாடி வரை போகும், மூக்கு இடிக்கும், திரும்பும். நான் அடுப்படியிலிருந்து நிலைப்படி வரை போவேன், நிற்பேன், திரும்புவேன். நிலைப்படியைத் தாண்ட அத்தையிடம் கேட்க வேண்டும். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கோயிலுக்கு என்றால் கூடவே வருவார். ஊருணிக்கு என்றால், "தண்ணிதான் இருக்கே, எதுக்கு?" என்பார். கெட்டவர் இல்லை. வீட்டில் ஒரு ஆள் குறைந்திருக்கிறது, இன்னொரு ஆளையும் விட முடியாது என்று இருந்தார். அன்பும் தாழ்ப்பாளும் ஒரே கையில் இருந்தால் எதை முதலில் விலக்குவது?

அந்த மார்கழியில் பினாங்குக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று கடைத்தெருவில் பேச்சு. கடிதம் நின்றுபோனது. அத்தை அழவில்லை. தொட்டிக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். "இது ரெண்டும் நீந்துற வரைக்கும் எம்மகனுக்கு ஒண்ணுமில்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

எனக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் பிறந்த ஊரான நார்த்தாமலையில் தங்கைக்குத் தையில் கல்யாணம். முன்கூட்டியே மாட்டு வண்டியோடு வந்து அழைத்துப்போவதாக என் ஐயா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், சொல்லியனுப்பியிருந்தார். கல்யாணமாகி வந்தபின் ஒரே தடவைதான் பிறந்த வீட்டுப் படியை மிதித்திருந்தேன். அந்த வண்டியின் மணிச்சத்தம் காதில் விழுவதற்காகவே நான் தூங்கினேன், எழுந்தேன், சோறு வடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை ஊருணியிலிருந்து ஒரு கெண்டைக் குஞ்சைச் செம்பில் பிடித்துவந்து தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார். "பாவம், சொந்தம்பந்தம் இல்லாமக் கெடக்குதுக. ஒரு தொணை இருக்கட்டும்." தனிப் பானை என்று நான் வாயெடுப்பதற்குள் குஞ்சு உள்ளே போய்விட்டது. மார்கழிப் பனியில் தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் போனதோ இல்லையோ, கெண்டை செத்து மிதந்தது. தங்கமீன்கள் கண்ணாடியில் உடம்பை உரசின. ஒரு விடியலில் பார்த்தால் செதிலெல்லாம் வெள்ளை முத்து.

அத்தை குனிந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கா."

"அத்தை, இது பூச்சி. உப்புப் போட்டா..."

"வாயக் கழுவுடி. முத்துப் போட்ட ஒடம்புல உப்பா? எரியாது?"

அவ்வளவுதான். வாசலில் வேப்பங்கொத்து ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது, தலைக்கு எண்ணெய் நின்றது. தொட்டியின் மேல் மஞ்சள் துணி, தண்ணீருக்குள் ஒரு கை வேப்பிலை. அம்மைக்குக் குளிர்ச்சிதான் மருந்தென்று தொட்டியை நிழலுக்கு இழுத்தார். மீனுக்கு வேண்டியதோ சூடும் உப்பும். ஒவ்வொன்றும் நேர் எதிர். ஆத்தா இறங்கும்வரை வீட்டு ஆள் வெளியே போகக் கூடாது. கண்ணாடிக்குள் அவை, கதவுக்குள் நான்.

ஐயா வந்தார். வேப்பங்கொத்தைப் பார்த்ததும் வண்டியைத் தெருவின் அங்கிட்டே நிறுத்திவிட்டார்.

"யாருக்குங்க சம்பந்தியம்மா?"

"மீனுக்குங்க."

"யாருக்குன்னீங்க?"

"மீனுக்கு. தொட்டி மீனுக்கு."

வண்டிக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு மாட்டைப் பார்த்தார். "கொழம்பு வச்சுட்டா அம்மை போயிருமே" என்று மாட்டிடம் சொன்னார்.

அத்தைக்குக் கேட்டுவிட்டது. "சிரிக்காதீங்க. அவ எங்க எறங்கணும்னு நெனைக்கிறாளோ அங்க எறங்குவா. ஒங்க நார்த்தாமலை ஆத்தாதான். பொண்ணு பின்னாலயே வந்துட்டா."

ஐயா சிரிக்கவில்லை. அது எங்கள் ஊர்த் தெய்வம். அம்மை வீட்டுப் பெண்ணைக் கல்யாண வீட்டுக்குள் யார் விடுவார்கள்? "கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தி வந்து பாக்குறேன்த்தா. அதுக்குள்ள எறங்கிருவா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். மணிச்சத்தம் போவதைக் கேட்டேன். வரும்போது கேட்ட அதே மணிதான். போகும்போது தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து உப்புத் திருடினேன். அத்தை குளிக்கப் போகும் நேரம் முந்தானையில் முடிந்து வந்து கரைப்பேன். முடிச்சு ஈரம் கண்டு இடுப்பில் அரிக்கும். "வேப்பிலை உள்ள கெடந்து அழுகினா ஆத்தாவுக்கு ஆகாது அத்தை, வெளியில மாலையாக் கட்டுவோம்" என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். ஒரு கரைசலுக்கும் அடுத்ததற்கும் இடையில் அடி மண்டியைச் செம்பால் மொண்டு கொட்டினேன். மத்தியானம் அத்தை கண்ணயரும்போது மஞ்சள் துணியை விலக்கி, தொட்டியின் ஒரு முனையை மட்டும் வெயிலுக்குள் தள்ளுவேன். எழுந்து பார்த்தவர், "வெயிலு நகந்துருச்சு பாரு" என்று சூரியனைத் திட்டினார்.

நான் யாருக்காக அதைச் செய்தேன்? மீனுக்கா, கப்பலேறிப் போனவருக்கா, வண்டிக்கா? இப்போது கேட்டால் மூன்றும் ஒரே தண்ணீரில் கரைந்துவிட்டது, பிரித்தெடுக்கத் தெரியவில்லை என்பேன். அப்போது கேட்டிருந்தால் வண்டிக்கு என்று சொல்லியிருப்பேன்.

ஐயா மறுபடி வந்த அன்று காலையில் ஒரு புள்ளிகூட இல்லை. வால் விரிந்திருந்தது. அத்தை கும்பிட்டுவிட்டு, அம்மை இறங்கிய பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது போலவே எல்லாம் செய்தார். பழைய தண்ணீரை இறைத்தார், கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மஞ்சள் தெளித்தார், வாசல் கொத்தைப் பிடுங்கினார். "எறங்கிட்டா. பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று அவரே தெருவுக்கு வந்து சொன்னார். என் தலையில் எண்ணெய் வைத்துப் பூ வைத்துவிட்டார்.

துணி மூட்டை கையில் இருந்தது. நிலைப்படி மூன்று எட்டில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சின்ன மீன் கண்ணாடியில் விலாவை ஒருமுறை உரசிவிட்டு விலகியது.

புதுத் தண்ணீர். பனித் தண்ணீர். உப்பில்லாத தண்ணீர். அடியில் எது கிடக்கிறதோ அது பெருகும். நான் நார்த்தாமலையில் சந்தனம் அரைத்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஒரு விடியலில் இரண்டும் மல்லாந்து மிதக்கும். தொட்டிக்கு எதிரே, பலகையில், இந்த அம்மாள். வாயைத் திறந்தால் கதவு மறுபடி சாத்தப்படலாம். திறக்காவிட்டால் நான் இப்போதே வண்டியில்.

"அத்தை, இதுல உப்புப் போடணும்."

"என்னடி சொல்றே?"

"இத்தன நாளும் போட்டேன். அதுலதான் எறங்குச்சு. இன்னும் கொஞ்ச நாளைக்குப் போடணும். வெயில்ல வைக்கணும். நிறுத்துனா மறுபடி வரும்."

"ஆத்தா மேல உப்பப் போட்டியா?"

"மீன் மேலதான் அத்தை."

"யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

"ஒங்க மகன்தான்."

அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எங்கிட்டச் சொல்லலையே" என்றார். "ஒங்கிட்டச் சொன்னானா? என்னா சொன்னான்? அப்படியே சொல்லு."

சொன்னேன். பூச்சி, தோல், உப்பு, சூடு, தனிப் பானை. ஒரு தடவை போதவில்லை. "இரு, இரு. நூறாப் பெருகும்னு சொன்னானா? சிரிச்சுக்கிட்டே சொன்னானா?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார். தெருவில் ஐயா கனைத்தார். மாடு தலையை ஆட்டியது. என் மூட்டை கையில் கனத்தது. விடமாட்டார் என்றே நினைத்தேன்.

எழுந்து உள்ளே போனார். உப்புச் சட்டியோடு வந்தார். "எம்புட்டுன்னு அள்ளிக் காட்டு." காட்டினேன். என் கையிலிருந்து தன் கைக்கு மாற்றி, அளவைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னை வண்டி வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தார்.

வண்டி அசைந்தது. உப்பு ஒட்டிய விரல்களால் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ரெண்டு எட்டு வந்தார்.

"கல்யாணம் முடிஞ்ச மறுநாளே வந்துரணும். அவன் சொன்னதுல எதையாச்சும் விட்டுருந்தீன்னா, நல்லா ஞாபகப்படுத்திக்கிட்டு வா."