தானாகப் போனான்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மதுரையில் குழந்தைகள் வார்டில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்ததும், என் வெள்ளைக் கோட்டைத் துவைத்து வாசல் கொடியில் போடுவது அம்மாவின் வழக்கமாகிவிட்டது. காய்ந்தாலும் எடுக்கமாட்டாள். தெரு பார்க்க வேண்டுமாம்.

அந்த வார்டுக்குத்தான் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். ஒன்றரை வயது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. தீராத மலச்சிக்கல். போன இடத்திலெல்லாம் மருந்தும் வாழைப்பழமும்தான் சொல்லியிருந்தார்கள்.

பிறவியிலேயே சில குழந்தைகளுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இருக்காது. அந்த இடம் விரிந்து வழிவிடாது. மலம் மேலேயே தேங்கும். பிறந்ததும் போகவேண்டிய கறுப்பு மலமே பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். அதனால் எல்லா டாக்டரும் அதை முதலில் கேட்பார்கள். பையனின் அம்மா எல்லாரிடமும் “அன்னைக்கே போயிட்டான்” என்றிருக்கிறாள். சந்தேகம் அதோடு முடிந்துபோயிருக்கிறது.

என்னிடமும் அதையே சொன்னாள். எனக்கோ என் தம்பி ஞாபகம் வந்தது. அவன் கைக்குழந்தையாக வயிறு உப்பி அழும்போதெல்லாம் அம்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பாள்; உடனே போய்விடுவான்.

“தானாப் போனானா, காம்பு வச்சீங்களா?”

அவள் சிரித்துவிட்டாள். “தானா எங்க டாக்டரம்மா? நர்சம்மா அங்கிட்டுப் போனதும் காம்புதான். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைக்கும் வைக்கிறதுதான, இதையுமா சொல்லணும்?”

பெரிய டாக்டரிடம் ஓட்டமாகப் போய்ச் சொன்னேன். மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில் குடல் கீழே ஒல்லியாகவும் மேலே பலூன் மாதிரியும் தெரிந்தது. துணுக்குச் சதை எடுத்துச் சோதித்தார்கள்; நரம்பணுவே இல்லை. அந்தப் பகுதியை அகற்றி, நல்ல குடலைக் கீழே இறக்கித் தைத்தார்கள்.

பிறகு வார்டே காத்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட என்னைப் பார்த்தால் “போனானா?” என்றுதான் கேட்டார்கள். ஒரு மத்தியானம் அவன் அம்மா அழுக்குத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் வந்தாள்.

“தானாப் போயிட்டான் டாக்டரம்மா. காம்பு இல்லாம.”

அவன் அப்பா வார்டு முழுக்கப் பால்பன் வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்றைக் கடித்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளை ஆய் போய்விட்டான் என்றேன்.

“இதுக்காடி அம்புட்டுப் படிச்ச?” என்றாள் அம்மா.

“இதுக்குத்தாம்மா.”

நான் வீடு திரும்புவதற்குள் தெருவுக்கே சொல்லி முடித்திருந்தாள்.