பேகத்தின் வைக்கோல் குட்டி

1. மாட்டுப் புத்தி

குதிரைப் பண்ணையில் குட்டி செத்தால் முதல் வேலை, தாயை வெளியே நடத்திக் கூட்டிப் போவது. அது திரும்பி வருவதற்குள் குட்டியைத் தூக்கிவிட்டு, தரையைக் கழுவி, புது வைக்கோல் பரப்பிவிட வேண்டும். பார்க்காத சாவுக்கு அழுகை கிடையாது என்பது எங்கள் தொழிலின் எண்ணம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். பேகம் என்ற குதிரையின் குட்டி தொப்புளில் சீழ் பிடித்துச் செத்த காலையிலும் அதையேதான் செய்தோம்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டுத் திடலில் இருந்தது அந்தப் பண்ணை. நான் மேனேஜர். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். வளைகுடாவில் பெரிய இடத்துக் குதிரை லாயம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் அரிசி ஆலை வைக்காமல் பந்தயக் குதிரை வளர்க்கக் கிளம்பிவிட்டார். கும்பகோணத்தில் காப்பி குடிக்கப் போனால்கூட, "களிமண்ணுல குதிரை ஓட்டுற ஆளா நீங்க?" என்று என்னைக் கேலி செய்வார்கள். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

பேகம் நடை முடிந்து வந்து, ஃபோலிங் பாக்ஸின் நாலு மூலையையும் முகர்ந்தது. ஃபோலிங் பாக்ஸ் என்றால் குட்டி ஈனும் அறை. ஐந்தாவது மூலை ஒன்று இருந்திருந்தால் அதையும் முகர்ந்திருக்கும். பிறகு அடிக்குரலில் கனைத்துக் கூப்பிட ஆரம்பித்தது. குட்டியைக் கூப்பிடும் குரல் அது. தீவனத்தைத் தொடவில்லை. மடி கல்லாகிவிட்டது. கறக்கப் போனால் உதைத்தது.

பண்ணையில் பால் மாடுகளும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்ட செல்லத்துரை என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"தோல்கன்னு கட்டிடலாங்க. கன்னு செத்த மாட்டுக்கு நாங்க அதானே பண்ணுவோம்."

"இது மாடாய்யா?"

"மடி இருக்குல்லங்க."

தோல்கன்று என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தைத்து, மாட்டுக்கு முன்னால் வைப்பார்கள். மாடு நக்கிக்கொண்டே பாலைச் சுரக்கும். குதிரைக்கு இதைச் செய்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் எரிந்து விழுந்தேன். ஹாஜியார்தான், "பண்ணிப் பாக்கட்டுமே நடராஜன். இதுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு?" என்றார்.

தை மாதம். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது, வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மறுநாள் செல்லத்துரை அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மூங்கில் பிளாச்சில் நாலு கால். வயிற்றில் சாக்குத் தையல். கண்களையும் தைத்து மூடியிருந்தான்.

"தொறந்திருந்தா பயமா இருக்குங்க" என்றான்.

மூடியிருந்தும் பயமாகத்தான் இருந்தது. பேகம் மட்டும் பயப்படவில்லை. முகர்ந்தது, நக்கியது, காலை அகட்டி நின்று கறக்க விட்டது. அன்று மத்தியானமே தீவனமும் தின்றது. செல்லத்துரை என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

2. குட்டி தூங்குது

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைக்கோல் குட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவோம். காலையில் வந்து பார்த்தால் வேறு மூலையில் இருக்கும். பேகம் மூக்கால் தள்ளியிருக்கும், வேறென்ன? ஆனால் அது தள்ளுவதை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் பக்கவாட்டில் படுத்திருந்தது. பேகம் அதன்மேல் குடை பிடித்ததுபோல் நின்றது. இன்னொரு நாள், வயலெல்லாம் பனி மூடியிருந்த காலையில் கதவைத் திறந்தேன். வைக்கோல் குட்டி வாசலுக்கு நேரே, சுவரில் சாய்ந்து நின்றபடி என்னைப் பார்த்தது. பார்த்தது என்று எழுதுவது தப்பு. கண்தான் இல்லையே. கதவைச் சாத்திவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

அதன் முதுகு எப்போதும் ஈரமாக இருக்கும். நக்கி நக்கி மயிர் ஒரே பக்கமாகப் படிந்துவிட்டது. வயிற்றுத் தையல் விட்டு வைக்கோல் வெளியே தொங்கியது. பேகம் தொட்டியில் கிடந்த வைக்கோலைத் தின்னும், தரையில் கிடந்ததைத் தின்னும். அந்த வயிற்றில் தொங்கியதில் ஒரு தாளைக்கூடக் கடிக்கவில்லை.

வேலையாட்கள் அந்த அறையைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு தடவை நான் யாரையோ சத்தம் போட்டேன். செல்லத்துரை உதட்டில் விரல் வைத்து, "குட்டி தூங்குதுங்க" என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

அந்தப் பக்கமே வராதவள் ஷமீம். ஹாஜியாரின் மருமகள். துபாயில் பிரசவம் ஆகி, குழந்தை தங்காமல் போய், ஊருக்கு வந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கிறது என்று ஹாஜியார் வருத்தப்படுவார். ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, அவள ஏமாத்துறீங்க."

"பால் சுரக்கணும்ல தங்கச்சி?"

"அதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

3. தாயில்லாப் பெட்டை

கொஞ்ச நாளில் இன்னொரு குதிரை விடியற்காலையில் ஈன்றது. குட்டி பெட்டை. தாய்க்கு உள்ளுக்குள் ரத்தம் போய், டாக்டர் வந்தும் நிற்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் தாய் செத்துவிட்டது. ஹாஜியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பெட்டைக்குட்டிக்குப் பாட்டிலில் பால்மாவு கரைத்துக் கொடுத்தோம். கழிச்சல் பிடித்துக்கொண்டது. பேகத்தின் பாலைக் கறந்து கொடுத்தோம். கையில் வருவது போதவில்லை. "மடியிலயே குடிக்கணும், தாய் ஒண்ணு வேணும். இல்லன்னா தேறாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்ணையில் மடியில் பால் உள்ள குதிரை பேகம் ஒன்றுதான்.

கூட்டிப் போனோம். பேகம் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, வைக்கோல் குட்டிக்கும் பெட்டைக்கும் நடுவில் வந்து நின்றது. அடுத்த நொடி விட்ட உதை பலகையைப் பிளந்தது. குட்டிமேல் பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தன் பிள்ளையைக் காப்பாற்றுகிறதாம். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது எனக்கு. வைக்கோலுக்காக உயிருள்ளதை உதைக்கிறது. மாட்டுக்குத் தோல்கன்று பால் கறக்கிற நேரத்துக்கு மட்டும்தான். கறந்ததும் எடுத்து உத்தரத்தில் மாட்டிவிடுவார்கள். நாங்கள் அதை முழுநேரமும் உள்ளேயே விட்டு, பேகத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டோம்.

வழக்கம்போல் பேகத்தை நடத்திக் கூட்டிப் போய், வைக்கோல் குட்டியை எடுத்து மாட்டுக்கொட்டகையில் மறைத்தேன். திரும்பி வந்த பேகம் மறுபடி நாலு மூலையையும் முகர்ந்தது. பிறகு கதவில் மோதியது. மார்பில் ரத்தம் வழிய, கொட்டகை இருக்கும் திசையைப் பார்த்தே மோதியது. அங்கே வைத்திருப்பதை யார் சொன்னார்கள் அதற்கு? காற்றுகூட எதிர்ப்பக்கம்தான் அடித்தது. மடியும் வற்ற ஆரம்பித்தது.

"பானையில இருந்தாத்தானேங்க அகப்பையில வரும்? குடுத்துடுங்க" என்றான் செல்லத்துரை. கொண்டுவந்து வைத்தோம். பேகம் அதைத் தலையிலிருந்து வால்வரை நக்கி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

பெட்டைக்குட்டி எழுந்திருப்பதை நிறுத்திவிட்டது.

4. தையல்

குதிரைக்காரர்களிடம் பழைய வழி ஒன்று உண்டு. செத்த குட்டியின் தோலை அநாதைக் குட்டியின் முதுகில் கட்டிவிட்டால், வாசனையில் தாய் ஏற்றுக்கொள்ளும். தோல் எங்களிடம் இருந்தது. வைக்கோல் அடைத்து, காலும் வைத்து. அதைப் பிரித்துப் பெட்டைமேல் கட்டுவது என்று முடிவு செய்து, "பேகத்த நடத்திக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"கூட்டிட்டுப் போகாதீங்க."

ஷமீம். அந்த அறை வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"அவ கண்ணு முன்னாடியே பிரிங்க அண்ணே."

"ஆளக் கொன்னுடும் தங்கச்சி."

"எனக்கும் காட்டல. எந்திரிக்க முடியாம கெடந்தேன். பாத்தா தாங்கமாட்டான்னு சொல்லி எடுத்துட்டுப் போயி அடக்கிட்டாங்க. நான் இன்னும் எந்த ரூமுக்குப் போனாலும் நாலு மூலையும் பாக்குறேன்."

ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அவ சொல்றபடி செய்யிங்க" என்றார்.

செல்லத்துரை கத்தியோடு உட்கார்ந்தான். நான் பேகத்தின் கயிற்றைப் பிடித்திருந்தேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்றும் சொல்லலாம். முதல் தையல் அறுந்ததும் பேகம் அலறியது. இரண்டாவதற்குக் கயிற்றை இழுத்தது. தோல் கழன்று வர வர, வைக்கோல் சரிந்து கொட்டியது. மூங்கில் கால்கள் சாய்ந்தன. பேகம் அசையாமல் நின்றது. பிறகு தலையைத் தாழ்த்தி அந்தக் குவியலை முகர்ந்தது. ரொம்ப நேரம் முகர்ந்தது.

அப்புறம் அந்த வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது.

இத்தனை நாள் ஒரு தாளைத் தொடாதது, சாதாரண வைக்கோலைத் தின்பதுபோல் மென்று தின்றது. அந்தச் சத்தம் மட்டும்தான் அறையில் கேட்டது. செல்லத்துரை எழுந்து வெளியே போய்விட்டான்.

அது தின்று முடிக்கும்வரை காத்திருந்து, தோலைப் போர்த்திப் பெட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பேகம் தோலை முகர்ந்தது. தோலுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த காலையும் முகர்ந்தது. உதைக்கவில்லை. குட்டி மடியைத் தேடிப் பிடித்ததும் அடிக்குரலில் கனைத்தது. பின்னால் தோலை எடுத்துப் புதைத்தபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டை தேறியது, பந்தயம் ஓடியது, இப்போது அதுவும் தாயாகிவிட்டது. பனி மூடிய காலைகளில், அந்த வைக்கோல் குட்டி நின்ற அதே சுவரில் சாய்ந்து கதவைப் பார்த்தபடி நிற்கும். அதற்கு என்ன காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். குட்டி செத்தால் தாயை வெளியே கூட்டிப் போகாதீர்கள். அதுவே முகத்தைத் திருப்பும்வரை குட்டியை அங்கேயே விடுங்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

தையல் பிரித்த அன்று சாயங்காலம் ஷமீம் புருஷனிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. "பிள்ளைய அடக்குன கபுரு எங்க இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இல்லங்க, தாங்குவேன். பாத்தாத்தான் எனக்கு சோறு எறங்கும்."