யாருக்குடா நான் அப்புச்சி

ஒரு பையனின் இடது காதை நான் அடித்துக் கிழித்தேன். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு எழுபத்தொன்று. அவன் செய்த குற்றம், என்னை 'அப்புச்சி' என்று கூப்பிட்டது. எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, செருப்பை மாட்டி, நான்கு படி இறங்கிப் போய் அடித்தேன்.

அந்தக் கோடையில் என் மகள் வயிற்றுப் பேரன் பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு, சூலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தான். கூடவே அவன் வகுப்புத் தோழன் ஒருவன் தினமும் வருவான். தோழன் எங்கள் ஊர்தான், காலனிக்காரன். அவன் தாத்தா எங்கள் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர், என் அப்பாவை 'சாமி' என்று அழைத்தவர். அவன் அப்பா விசைத்தறியில் ஷிப்ட் ஓட்டினார். அம்மா தினமும் பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய் வந்தார். பையன் ராணுவத்துக்கு எழுதிப்போட்டு, எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். ஓட்டமும் உடற்சோதனையும்தான் பாக்கி. காலையில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி ஐந்து சுற்று ஓடிவிட்டுத்தான் கிணற்றில் இறங்குவான்.

கிணற்றில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். மோட்டார் ரூம் கூரையில் ஏறி, கீழே நீந்துகிறவன் முதுகைக் குறிபார்த்துக் குதிப்பார்கள். ஒருவன் தலையை ஒருவன் தண்ணீருக்குள் அமுக்கி எண்ணுவான். "நாப்பது! செத்துட்டியா மாப்ள?" என்று பேரன் கத்துவான். "உன்னைக் கொன்னுபோட்டுத்தாண்டா சாவேன்" என்று மேலே வந்து இருமிக்கொண்டே அவன் சொல்வான். இருவர் முழங்கையிலும் தோல் இருக்காது. ஒருநாள் படிக்கல்லில் மோதிப் பேரனுக்கு உதடு பிளந்தது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சிரித்தான். இனிமேல் பள்ளிக்கூடம் இல்லை என்கிற சந்தோஷத்தை அவர்கள் உடம்பால் அடித்துத் தீர்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

நான் கணக்கு வாத்தியார், பிறகு தலைமை ஆசிரியர். முப்பத்தாறு வருஷம் என் கைக்குப் பயப்படாத பையன் இல்லை. எந்தப் பையனை எங்கே அடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரம் தோழன் என்னை 'சார்' என்றான். பிறகு பேரனோடு சேர்ந்து அவனுக்கும் 'அப்புச்சி' வந்துவிட்டது. முதல் தடவை கிணற்று மேட்டில், "அப்புச்சி, மோட்டார ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்றான். நான் நிறுத்தினேன். அப்போது அங்கே வேறு யாரும் இல்லை. என் காதுக்கு அது உறுத்தவும் இல்லை. இதை எழுதத்தான் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடித்த நாளன்று, என் தம்பி மகனுக்குப் பெண் கொடுக்க வந்த வீட்டார் என் போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லியிருந்தேன். தோழன் கிணற்றிலிருந்து அப்படியே ஈரத்தோடு, இரண்டு கையிலும் இளநீர்க் குலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"அப்புச்சி, அருவா ஊட்டுக்குள்ள எங்கீங்க இருக்குது?"

பெண்ணின் தகப்பனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் யார் வீட்டுப் பையன் என்று தம்பி மகனிடம் மெதுவாகக் கேட்டார். காலனிப் பையன் என்று தம்பி மகன் சொன்னான். பெரியவர் சிரித்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு இப்படி ஒரு பேரன் இருக்கறத எங்களுக்குச் சொல்லவே இல்லீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

உள்ளங்கையைக் குழித்து, அவன் ஈரக் காதின் மேல் அறைந்தேன். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். குலைகள் அவன் காலில் விழுந்து உருண்டன. அவன் படியில் சாய்ந்து, என்ன நடந்தது என்று புரியாமல் என்னைப் பார்த்தான்.

"என்ன தப்புங்க செஞ்சேன்?"

"யாருக்குடா நான் அப்புச்சி? உங்கப்பனுக்கு அப்புச்சியா, உனக்கு அப்புச்சியா?"

கீழே கிடந்த தென்னை மட்டையை எடுத்துத் தோளிலும் முதுகிலும் அடித்தேன். எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை. அவன் திருப்பி அடிக்கவில்லை. தினமும் அத்தனை தூரம் ஓடுகிறவன், ஓடவும் இல்லை. இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேரன் ஓடிவந்து குறுக்கே விழுந்தான். அவனுக்கும் விழுந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, மட்டையைப் பிடுங்கி, என்னைத் தள்ளினான். நான் செம்பருத்திச் செடிமேல் விழுந்தேன்.

"கெழட்டு நாயே!" என்றான் பேரன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

தோழனின் காதிலிருந்து ஒரு நூல் போல ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. பேரன் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். பெண் வீட்டார் என் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்கள். "இந்தக் காலத்துல இப்படி இருந்தாத்தானுங்க ஆகும்" என்றார் பெரியவர். நான் கை கழுவிவிட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்யாணம் நிச்சயமானது.

இரண்டாவது தப்பை அன்று மாலை செய்தேன். ஆஸ்பத்திரியில் என்ன எழுதுவார்கள் என்று பயம் வந்தது. தம்பி மகனை அனுப்பினேன். பையனின் அப்பா வேலை பார்த்த தறி எங்கள் உறவினருடையது. தம்பி மகன் அங்கே போய், "கெணத்துல குதிச்சான், காதுல அடிபட்டுச்சு. அவ்வளவுதான். நாளைக்குத் தறிக்கு வரோணுமா வேண்டாமா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிச் சீட்டில் கிணறு என்றே எழுதப்பட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து ஆளெடுப்பு. பேரனும் கூடப் போயிருந்தான். பையன் ஓட்டத்தில் முதல் கூட்டத்தில் வந்தானாம். மறுநாள் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை. மறுபரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். அதற்குள் சீழ் பிடித்திருந்தது. பேரன் போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவன வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. சந்தோசமா?" அதற்குப் பிறகு அவன் தோட்டத்துக்கு வரவில்லை.

நான் பாவத்தை உணர்ந்து உடனே ஓடிப்போகவில்லை. ஏழெட்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன். பையனின் அம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"பெரியவங்க நீங்க, எங்ககிட்டப் போயி எதுக்குங்க" என்றார். அந்த மரியாதைக்குள் என்னால் நுழைய முடியவில்லை. ஆபரேஷன் செலவை ஏற்கிறேன் என்றேன். "அதெல்லாம் சர்க்காராசுபத்திரில முடிஞ்சுதுங்க."

பையன் உள்ளிருந்து வந்தான். தலையைத் திருப்பி வலது காதை எனக்குக் காட்டி நின்றான்.

"இந்தப் பக்கம் பேசுங்க. அந்தப் பக்கம் சரியாக் கேக்காதுங்க."

நான் மறுபடி சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. நான் கெணத்துல உழுகலைன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. நீங்கதான் அடிச்சீங்க, எதுக்கு அடிச்சீங்கன்னும் எழுதுங்க. அது போதும்."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். நான்காம் நாள் போய் எழுதிக் கொடுத்தேன். "வயசான காலத்துல எதுக்குங்க சார் இந்த வேலை?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். சாதியைக் குறித்த வரியை விட்டுவிடலாமே என்றார்கள். விடவில்லை. காகிதத்தில் தம்பி மகன் பெயரும் இருந்தது. அன்றிரவே அவன் வந்து, கதவைத் திறந்த என் வாயில் குத்தினான். முன்பற்கள் இரண்டு பெயர்ந்து விழுந்தன. "குடும்பத்தக் கெடுத்துப்போட்டியே" என்று சொல்லிச் சொல்லி உதைத்தான். நான் முகத்தை மூடிக்கொண்டேன். அன்று வாசலில் உட்கார்ந்து சிரித்தவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். சொந்தத்தில் யார் வீட்டுக் காரியத்துக்கும் இப்போது எனக்கு அழைப்பு இல்லை.

அடுத்த ஆளெடுப்பில் பையன் மறுபடி ஓடினான். மறுபடி முன்னால் வந்தான். ஆபரேஷன் செய்த காது தேறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது போத்தனூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். பேரன் மூலம் தெரிந்துகொண்டேன். பேரன் வழக்குக்காக மட்டும் என்னோடு பேசுகிறான்.

வழக்கு கோயம்புத்தூரில் நடக்கிறது. குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றார் என் வக்கீல். ஒத்துக்கொள்கிறேன் என்றேன். போன வாய்தாவுக்குக் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெஞ்சில் நான். எதிர்ப் பெஞ்சில் அவனும், சற்றுத் தள்ளி அவன் அம்மாவும். அவனாகவே கேட்டான்.

"நீங்க ஒத்துக்கிட்டா, நான் திரும்ப ஆளெடுப்புல போயி நிக்க முடியுமுங்களா?"

உள்குத்து இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். முடியாது என்றேன். தலையாட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வழக்கை அழைத்தார்கள். குரல் அவனுடைய இடப்பக்கக் கதவிலிருந்து வந்தது. அவனுக்குக் கேட்கவில்லை. கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து அவன் முன்னால் போய், கூப்பிடுகிறார்கள் என்று காட்டக் கையைத் தூக்கினேன். அவன் சட்டென்று இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் கையை இறக்கினேன். அவன் அம்மா எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அவன் வலது காதுப் பக்கம் குனிந்து, "நம்மளத்தாங் கூப்புடறாங்க, எந்திரி கண்ணு" என்றார்.