விளிம்பில் ஏழு ஜோடி

பேய், ஆவி, காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஹாஸ்டலில் மற்றவர்கள் கதை சொல்லி ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கியவன். இதைப் படிக்கும்போது உங்களுக்கு லேசாக ஒரு சிரிப்பு வரும், எனக்குத் தெரியும், வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கும் வந்திருக்கும். சிரித்துக்கொண்டேயாவது கடைசிவரை படித்துவிடுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரூர்ப் பக்கம் கிணறு வெட்டுகிற வேலை அவருக்கு. கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பாறை வந்துவிட்டால் குழி போட்டுத் தோட்டா வைத்து வெடிக்க வேண்டும் இல்லையா, அதற்கு முன்னால் கிணற்றுக்குள் யாரும் இல்லை என்று தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி, செருப்பு. இறங்குகிறவன் தன் செருப்பை விளிம்பில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஏறி வந்து மாட்டிக்கொள்ள வேண்டும். கொளுத்துகிறவனுடையது போக விளிம்பில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், திரி கொளுத்தக் கூடாது. செருப்பின் முனை வெளியே பார்த்துத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கடைசியாகத் திரி கொளுத்திவிட்டு ஏறி வருகிறவன் மாட்டிய வேகத்தில் ஓட வேண்டும், திருப்பிப் போட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஒருநாள் அப்பாவுக்கு வார் அறுந்துபோய் வெறுங்காலோடு வேலைக்குப் போனார். விளிம்பில் அவர் செருப்பு இல்லை, மேலே வந்துவிட்டார் என்று நினைத்துக் கொளுத்திவிட்டார்கள். பக்கவாட்டுப் பொந்துக்குள் வேலையாக இருந்தவர் அங்கேயே ஒடுங்கி உயிர் பிழைத்தார், இடது காது கேட்காமல் போய்விட்டது. அதற்கப்புறம் செருப்பை எண்ணினாலும், "எல்லாரும் மேல வந்தாச்சா?" என்று உரக்கக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் கொளுத்த விடுவார்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் அமெரிக்காவில் பே ஏரியா வந்து சேர்ந்த பிறகு போன் பண்ணும்போதெல்லாம் அப்பா கேட்பது ஒரே கேள்விதான். "அங்க மண்ணு எப்படிப்பா? எத்தனை அடியில பாறை தட்டுது?" நான் மூன்றாவது மாடியில் தடுப்புச் சுவருக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவன், எனக்கு என்ன தெரியும். "பாத்துச் சொல்றேனுங்க" என்பேன். என் மகள் நிலா பிறந்த இரண்டாம் மாதம் அவர் போய்விட்டார். விசா மாற்றத்துக்குக் காகிதம் போட்டிருந்த நேரம், இப்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப வருவது கஷ்டம் என்றார் வக்கீல். நான் போகவில்லை. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். இதை வெகுகாலம் யாரிடமும் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததில்லை. கிணறு வெட்டுகிறவர் மகன் என்பதையே அமெரிக்காவில் கொஞ்ச காலம் சொல்லாமல் இருந்தவன் நான், செருப்பு எண்ணுகிற கதையை என் மனைவியிடம்கூட அப்போது சொல்லியிருக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் வாங்குகிற யோசனை ரஃபீக்குடையது. என்னோடு இஞ்சினியரிங் படித்தவன், மேலப்பாளையத்துக்காரன், ஃப்ரீமான்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு எதிர் அப்பார்ட்மென்ட். ஒரு சனிக்கிழமை தங்கம் அரிக்கிற பச்சைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றைத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றான்.

"மாப்ள, எல்லாவனும் வீடு வாங்குதான். நாம மலை வாங்குவோம். லீவு நாள்ல புள்ளைங்க ஓடி ஆடட்டும், நாம ஓடைல தங்கம் அரிப்போம்."

"தங்கம் வேணும்னா நகைக்கடைக்குப் போங்க. இப்படி அரிச்சு என்னைக்கு எனக்கு ஒரு தோடு பண்ணித் தருவீங்க?" என்றாள் என் மனைவி கவிதா.

"தோடெல்லாம் ஆகாது கவிதா, மூக்குத்தி வேணா வரும். அதுவும் நம்ம பேத்திமாருக்கு," என்றார் ரஃபீக்கின் மனைவி நஸ்ரின்.

கிண்டல் பண்ணினார்களே தவிர இரண்டு பேருக்கும் ஆசை இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. மூன்று மணி நேரம் கிழக்கே டிரைவ் பண்ணினால் வரும் மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர், ஓக் மரங்கள், கீழே ஒரு ஓடை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தங்கம் தேடி உலகமே வந்து தோண்டிய பிரதேசம். ரஃபீக் ஓடையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். நான், சொன்னால் நம்புங்கள், மண்ணைப் பார்த்துப் போட்டேன். எங்கள் ஊர் மாதிரியே செம்மண். கம்பியால் குத்திப் பார்த்தால் முழங்கால் ஆழத்தில் பாறை. அப்பாவுக்குச் சொல்லப் பதில் கிடைத்தது, கேட்கத்தான் அவர் இல்லை.

எல்லாம் பதிவான பிறகு, ஒரு கோடைக்கால வெள்ளிக்கிழமை, இரண்டு குடும்பமும் இரண்டு கூடாரங்களோடு போய் இறங்கினோம். நாங்கள் மூன்று பேர், அவர்கள் நான்கு பேர், ரஃபீக்குக்கு இரண்டு பையன்கள். நிலாவுக்கு அப்போது நான்கு வயது. அன்று மாலை ஓடையில் உட்கார்ந்து தட்டைச் சுழற்றிச் சுழற்றிக் கடைசியில் கறுப்பு மணலுக்கு நடுவே ஊசிமுனை அளவு மூன்று பொட்டு மின்னியது. ரஃபீக் அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, "வேலைய விட்டுரலாமால?" என்று கேட்டான்.

கூடாரத்துக்கு மேலே ஐம்பது அடி தள்ளி, இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே, அந்தச் சரிவில் வேறெங்கும் இல்லாத மாதிரி ஒரு சமதளம். சருகு மெத்தை போலக் கிடந்தது. பையன்கள் அங்கேதான் ஓடினார்கள். கவிதா தடுத்துவிட்டாள். "நாளைக்குக் காலைல தேங்காய் உடைச்சுப் பூமி பூஜை பண்ணிட்டு அப்புறம் விளையாடலாம். அதுவரைக்கும் அங்க யாரும் கால் வைக்கக் கூடாது."

"முடிஞ்சதும் நான் ஒரு துஆ கேட்டுருதேன்மா. ரெண்டு பக்கமும் சொல்லி வச்சுருவோம்," என்றான் ரஃபீக். மரத்தில் ஊஞ்சல் கட்டவும் கயிறு வாங்கி வந்திருந்தான்.

பக்கத்து நிலத்து அமெரிக்கப் பெரியவர் சாயங்காலம் எட்டிப் பார்த்தவர், ஷூவையெல்லாம் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே நரிகள் தூக்கிக்கொண்டு போகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். யார் கேட்டது. கூடாரம் என்றாலும் வீடுதானே, வீட்டுக்குள் செருப்போடு போவோமா. ஏழு ஜோடியும் வாசலில் கிடந்தன.

விடியற்காலை நான்தான் முதலில் விழித்தேன். வெளிச்சம் வந்தும் வராத நேரம். ஜிப்பைத் திறந்து காலை நீட்டினால் ஷூ இல்லை. ஒன்றுகூட இல்லை. பெரியவர் சொன்ன நரி என்றுதான் நினைத்தேன், சிரிப்புகூட வந்தது, ரஃபீக்கை எழுப்பி ஓட்டலாம் என்று. அப்போது மேலே ஓக் மரத்தடியில் ஏதோ சிவப்பாக மின்னியது. இரண்டு தடவை, மூன்று தடவை. நிலாவின் ஷூ. அடியில் விளக்கு வைத்த ஷூ, அந்த வருஷம் எல்லாக் குழந்தைகளும் கேட்டு அழுதார்களே, அது. தரையில் ஓங்கி மிதித்தால்தான் மின்னும், இரண்டு விநாடியில் அணைந்துவிடும். அங்கே யாரும் இல்லை. நரி இல்லை, காற்றுகூட இல்லை.

சாக்ஸ் காலோடு ஏறினேன். பின்னாலேயே நிலா எழுந்து வந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. "டாடி, மை ஷூ," என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினாள்.

அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஏழு ஜோடியும் அந்தச் சமதளத்தின் ஓரமாக, அரைவட்டமாக, ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளியில் இருந்தன. ஏழு ஜோடியின் முனையும் வெளியே பார்த்து, என்னைப் பார்த்து.

மூளை யோசித்து முடிப்பதற்குள் வாய் கத்திவிட்டது. "நில்லு கண்ணு, நில்லு." என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. ஷூவை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஒரு காலடிதான், ஷூவைத் தாண்டி ஒரு காலடி வைத்திருந்தால் சருகின் மேல் வைத்திருப்பாள். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துத் தூக்கிக்கொண்டேன்.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு கல்லை எடுத்து நடுவில் போட்டேன். மண்ணில் விழுகிற சத்தம் இல்லை. பலகையில் விழுகிற சத்தம். சத்தம் கேட்டு ரஃபீக் வெறுங்காலோடு ஏறி வந்து, "என்னல ஆச்சு, யாருல இதெல்லாம் இங்கன கொண்டாந்தது?" என்றான். நான் நிலாவை அவனிடம் கொடுத்துவிட்டுப் பெரிய பாறாங்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி எறிந்தேன். சருகும் மண்ணும் மக்கிப்போன பலகையும் சேர்ந்து உள்ளே போயின. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே நின்றோம். மனசுக்குள் மூன்று எண்ணிய பிறகுதான் தண்ணீர்ச் சத்தம் வந்தது.

பழைய தங்கச் சுரங்கத்தின் வாய். எப்போதோ யாரோ பலகை போட்டு மூடிவிட்டுப் போய், மேலே மண்ணும் சருகும் சேர்ந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஏழு பேரும் அதன் மேல்தான் நின்றிருப்போம், கையில் தேங்காயோடு.

ரஃபீக் பையன்களைக் கூப்பிட்டு விசாரித்தான். இரண்டு பேரும் தூக்கக் கலக்கத்தில் முழித்தார்கள். "ஐ வாஸ் ஸ்லீப்பிங், வாப்பா," என்றான் பெரியவன். இருட்டில் சுரங்க வாயின் ஓரம் தெரிந்து அடுக்கி வைக்க அந்தப் பையன்களால் எப்படி முடியும். கவிதா அப்புறம் மெதுவாகக் கேட்டாள், நீங்களே தூக்கத்தில் நடந்துபோய் வைத்திருப்பீர்களோ என்று. இருக்கலாம். ஆனால் அங்கே குழி இருப்பது எனக்கும் தெரியாதே. மேலே ஏறிய ஒரே தடவையில் என் வெள்ளைச் சாக்ஸ் முழுக்கச் செம்மண்ணும் முள்ளும் ஒட்டியிருந்தது, அதே சாக்ஸோடுதான் தூங்கினேன், இரவில் நடந்திருந்தால் என் போர்வையிலும் ஒட்டியிருக்க வேண்டும், அதில் ஒரு முள் இல்லை.

நான் அந்தக் காலையில்தான் செருப்புக் கதையை முதல்முறையாகச் சொன்னேன். ஈரச் சருகின்மேல் உட்கார்ந்து, கிணறு, தோட்டா, அறுந்த வார், போகாமல் விட்ட சாவு, எல்லாவற்றையும் சொன்னேன். கவிதா அழுதாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற ரஃபீக் என் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு குழியிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று தேங்காய் உடைத்தோம். காய்ந்த புல் என்பதால் கற்பூரத்தைக் காப்பிக் கோப்பைக்குள் கொளுத்தினோம். ரஃபீக் கையேந்தித் துஆ கேட்டான், அதில் என் அப்பா பெயரையும் சேர்த்துக்கொண்டான்.

குழிக்கு இரும்புக் கிராதி போட்டு மூடியாகிவிட்டது. நிலத்தை விற்கவில்லை. வருஷத்துக்கு நான்கைந்து தடவை போகிறோம், குப்பியில் தங்கம் கால் அங்குலம்கூட ஏறவில்லை, அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. போனதும் நான் செய்கிற முதல் வேலை, அந்த மண்ணைக் கையில் எடுத்து, "ரெண்டு அடியில பாறைங்கப்பா," என்று சொல்வதுதான். எனக்கு அவருக்கு நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.

இதுவரை சொன்னதற்கெல்லாம் யாராவது ஒரு விளக்கம் கொடுத்துவிடலாம். கொடுத்தும் இருக்கிறார்கள். அந்த முறை ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது நடந்ததற்குத்தான் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓடைக்கரைக்கு மாற்றியிருந்த கூடாரத்தைச் சுருட்டி, ஊஞ்சல் கயிற்றைப் பிரிக்காமலேயே டிக்கியில் போட்டு, நிலாவைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்தேன். ரஃபீக்கின் வேன் முன்னால் போய்விட்டது. நான் சாவியைத் திருகப் போனேன். நிலாவுக்குத் தமிழ் புரியும், ஆனால் பேச மாட்டாள், என்ன கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் வரும். செருப்புக் கதை சொன்னபோது அவள் நஸ்ரினோடு கீழே ஓடைக்கரையில் இருந்தாள். கதையிலும், அவள் கேட்கப்போகிற அந்த வார்த்தைகளை நான் சொல்லவில்லை, அவை அந்த நேரத்தில் என் ஞாபகத்துக்கே வரவில்லை.

பின்சீட்டிலிருந்து, காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரத்த குரலில், நிலா கேட்டாள்.

"எல்லாரும் மேல வந்தாச்சா?"

கவிதா திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் திரும்பவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. சாவியில் கை வைத்தபடியே, "வந்தாச்சுங்க. எல்லாரும் வந்தாச்சுங்க," என்றேன்.

அப்புறம்தான் வண்டியைக் கிளப்பினேன்.