மாரியாயி அக்கா வாயைத் திறந்து காட்டினார்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த மாரியாயி அக்கா மாரடைப்பால் காலமானதைத் தோட்ட வைத்திய அதிகாரி நேற்றுக் காலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். நாக்கில் புற்றுநோய் திரும்பவில்லை என்பதையும் அவரே சொன்னார். அக்காவை அறிந்தவர்கள் முதலில் கேட்கப்போவது அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கண்டியில் அவருடைய நாக்கில் பாதியை வெட்டியெடுத்தார்கள். இடது முன்கைத் தோலை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். அந்தத் தோலில் கல்யாணத்தின்போது குத்திய பச்சை இருந்தது: ‘வேலு.’ கணவரின் பேர். நம் பக்கத்துப் பெண்கள் பலரைப் போல அக்காவும் அதை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட, “முருகன் கையில இருக்குமேங்க, அது” என்றாராம்.

அக்கா வீடு திரும்பியதும் போய்ப் பார்த்தேன். பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “இத்தன வருசமா வாயால சொல்லாத பேரு, வாயிக்குள்ளயே குடிவந்திருச்சுங்க தம்பி.”

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த வேலு அண்ணன் நிமிரவில்லை. “வெத்தல போட எடமில்லாம நான் போய் ஒக்காந்துட்டேன்ல. அதான் கோவம்.”

அந்தப் பேரைப் பார்க்க தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் பெண்கள் கிளம்பி வந்தார்கள். அக்கா வாயைத் திறந்து காட்டுவார். பிறகு டோர்ச் லைட்டை எடுப்பார். “நான் காட்டிட்டேன். இப்ப நீ காட்டு.” குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையோடு புகையிலை அடக்காதவர்கள் மலையில் குறைவு. வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ கண்ணில் பட்டால், ஆளைக் கையோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். “வலிக்கலன்னுதான் நானும் விட்டேன்” என்பார்.

அவரால் அசைக்க முடியாத ஒரே ஆள் மருமகள் செல்வி. “நான் பச்ச குத்தலையே அத்த, எந்தத் தோல எடுத்து வைப்பாங்க?” என்று சிரித்து நழுவுவார். அக்கா சிரிக்கமாட்டார். போன மாதம் நான் போயிருந்தபோது, கரைத்து வைத்த சோற்றைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“நீ வாயத் தொறக்குற வரைக்கும் எனக்கு இது வேணாம்டி.”

“பேப்பர்காரரு முன்னாடி மானத்த வாங்காதீங்க அத்த.”

“அவரு எழுதட்டும். நீ தொற.”

செல்வி திறந்தார். கன்னத்தின் உட்புறம் வெளுத்திருந்தது.

சென்ற வாரம் மாமியாரும் மருமகளும் நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போய், செல்வியின் கன்னத்துச் சதையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அக்கா தோட்டத்தை விட்டு வெளியே போனது அதுவே கடைசி.

புரியவில்லை என்று யார் சொன்னாலும், கோபப்படாமல் அதே வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

செல்வியின் சோதனை முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். கூட வேலு அண்ணன் போகிறார்.