பக்கத்து மெஷின்

சலவை ஆலையில் அவளைக் கஞ்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல் மேசை விரிப்புகளுக்குக் கஞ்சி போடும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். உருளை இஸ்திரிக்கு மாறிப் பல வருடமாகியும் பெயர் மாறவில்லை. துணிக்குக் கரைத்த கஞ்சியில் கொஞ்சம் அவள் முதுகெலும்புக்கும் போய்விட்டது என்று மேலாளரே ஒருமுறை சொன்னார். அவள் சிரித்தாள், மறுக்கவில்லை.

கொதிக்கும் உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விடுமுறைக் காலத்தில் ஓட்டல்கள் நிரம்பி வழிந்து துணி மலையாகக் குவிந்தபோது, சும்மா சும்மா நிற்கிறது என்று எல்லா இயந்திரங்களிலும் அந்தக் கம்பியைக் கழற்றினார்கள். கஞ்சி அக்கா ஏன் என்று கேட்டாள். "சீசன் முடிஞ்சதும் மாட்டிடலாம்மா" என்றார் மேலாளர். சீசன் முடிந்தது. கம்பி வரவில்லை.

பக்கத்து மெஷினில் நின்றவள் குருவி. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். ஒருநாள் விரிப்போடு அவள் கையும் உருளைக்குள் போனது. கஞ்சி அக்காதான் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். கை தப்பியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. அவளுடைய கவனக்குறைவு என்றது நிர்வாகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே குருவி ஒரு டி.வி.காரரிடம் கம்பி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அது எல்லோருடைய போனிலும் ஓடியது.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். டீ குடிக்கும் அறையில் எல்லோரையும் உட்காரவைத்து, நாளைக் காலையில் ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் ஒரே ஒரு வரி சொன்னால் போதும் என்றார். வெளிநாட்டு ஓட்டல்காரர்களும் பார்ப்பார்களாம், அதனால் ஆங்கிலத்தில். "ஐ டிஸ்டன்ஸ் மைசெல்ஃப் ஃப்ரம் ஹெர் ஸ்டேட்மென்ட்." அவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி திருப்பிச் சொன்னார்கள்.

கஞ்சி அக்கா கையைத் தூக்கினாள். "சார், டிஸ்டன்ஸ்னா தூரம்தானே? தூரத்த எப்படி சார் பண்றது?"

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "அர்த்தமெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? ஒரு ஃபார்மாலிட்டி, அவ்வளவுதான்."

அந்த 'உங்களுக்கு எதுக்கு' அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கேட்டாள். அவர் பஸ் கண்டக்டர். "எனக்கு டிஸ்டன்ஸ்னா டிக்கெட் ரேட்டுதான் தெரியும். நாலு வார்த்தை, சொல்லிட்டு வந்துடேன். வேலை முக்கியம் இல்லையா?"

"என்னன்னு தெரியாம எப்படிங்க சொல்றது?"

"அப்ப என் தங்கச்சியைத்தான் கேக்கணும்" என்றார் அவர், கொஞ்சம் பயத்தோடு.

நாத்தனார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். இருவருக்கும் பேச்சு நின்று வெகுகாலம். தோழிகளிடம் ஒருமுறை, "எங்க அண்ணி ஓட்டல்ல பெரிய வேலைல இருக்காங்க" என்று அவள் சொன்னது கஞ்சி அக்காவின் காதில் விழுந்திருந்தது. அழுக்குத் துணி வெளுக்கும் இடத்தில் வேலை என்று சொல்ல அவளுக்குக் கூசியது என்பது புரிந்தது. அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

இப்போது நேராகப் போய்க் கதவைத் தட்டினாள். நாத்தனார் திறந்தவள் திகைத்துப்போனாள்.

"சண்டைக்கு வரல. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் வேணும்."

சமையலறையில் நின்றபடியே முழு வரியையும் சொன்னாள். நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தாள்.

"இதுல தூரத்த வினைச்சொல்லா ஆக்கியிருக்காங்க அண்ணி. விலகிக்கறதுன்னு அர்த்தம். கூடவே 'மைசெல்ஃப்' வருது பாருங்க, அதனால நம்மள நாமளே தள்ளி வெச்சுக்கறோம். 'ஃப்ரம்'னு வந்தா யார்கிட்ட இருந்து, எதுகிட்ட இருந்துங்கறது பின்னாடி வரும்."

"அவ சொன்னது பொய்யின்னு ஆகுமா?"

"ஆகாது. பொய்யின்னும் சொல்லாது, நிஜம்னும் சொல்லாது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, நான் அந்தப் பக்கமே இல்லன்னு சொல்லும். உதாரணத்துக்கு, ஒருத்தி தன்னோட சொந்தக்காரங்கள..." அவள் பாதியில் நிறுத்தினாள். முகம் சிவந்தது.

கஞ்சி அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல இருந்தாள். "புரிஞ்சுது. காப்பி இருந்தா குடு, குடிச்சிட்டுப் போறேன்."

மறுநாள் அவள் முறை வந்தது. வெள்ளைத் திரை, முகத்தில் அடிக்கும் விளக்கு. அதிகாரி தலையசைத்தார். அவள் தமிழிலேயே பேசினாள்.

"குருவி சொன்னது நிஜம். மெஷின்ல கம்பி இல்ல. கழட்டுனத நான் கண்ணால பாத்தேன். அவ கை மாட்டுனப்ப, கை நீட்டினா தொடற தூரத்துல நின்னேன். அந்தத் தூரத்த இப்ப என்னால கூட்டிச் சொல்ல முடியாது."

"கட் பண்ணுங்க!" என்று கத்தினார் அதிகாரி. "என்னம்மா இது? வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். வேலைதான வேணும். பொய் சொல்றது என் வேலைல இல்லையே."

அதோடு விடவில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தெரிஞ்சு சொல்றவங்க சொல்லுங்க. உங்க வீட்டு நிலைமை உங்களுக்கு. தெரியாம யாரும் சொல்லாதீங்க."

சிலர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். கஞ்சிப் பிரிவு மூத்தவள் ஒருத்தி சொல்லிவிட்டு வெளியே போய் அழுதாள். பாதிப்பேர் தொண்டை கட்டிவிட்டது, தலை சுற்றுகிறது என்று நழுவிவிட்டார்கள். அந்தப் படம் கடைசிவரை எங்கேயும் வெளிவரவில்லை.

தண்டனை உடனே வந்தது. வாந்தியும் ரத்தமுமாக வரும் துணிகளைப் பிரிக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காரவே பலர் பயந்தார்கள். அவள் தன் டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டாள். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தபோது, கேமராவிடம் சொன்னதையே ஓர் எழுத்து மாறாமல் அவரிடமும் சொன்னாள். மழைக்காலம் வருவதற்குள் எல்லா உருளைக்கும் கம்பி வந்துவிட்டது. குருவிக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. அவள் ஆலைக்குத் திரும்பவில்லை. ஒரு மருந்துக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஒருநாள் மேலாளர் துணி பிரிக்கும் அறைக்கே வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இஸ்திரிக்கு ஆள் பத்தல. தலைமை ஆபீஸ்ல ஒரு சாரி சொல்லிடு, நாளைக்கே பழைய மெஷின்."

"எதுக்கு சார் சாரி? அர்த்தம் கேட்டதுக்கா, அர்த்தம் சொன்னதுக்கா?"

மேலாளர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். "இப்படியே இருந்தா இங்கேயேதான் கிடப்ப."

"கிடக்கறேன். இங்கயும் ஒரு ஆள் வேணும்ல?" என்றாள். கையுறையை முழங்கைவரை இழுத்துவிட்டு, அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், பேன்ட்ல தெறிக்கப் போகுது."