ஐந்து குழுக்களும் ஒரு அக்காவும்

தென்காசி அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு ஒன்று இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. 'ஐந்து குழுத் தலைவர்களும் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் சோதனைப் பிரிவு அக்கா. அதைக் கிழித்தவன் நான்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் பெரிய நிறுவனம் அது. பல ஊர்களில் கிளைகள். அங்கே 'அஜைல்' முறையைப் பழக்கிவிட என்னைச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டை முடிப்பது, காலையில் எல்லோரும் நின்றபடியே கால் மணி நேரம் பேசிக்கொள்வது, இவ்வளவுதான் அந்த முறை. பத்துப் பேர் கொண்ட கம்பெனிகளில் இதைச் செய்து பெயர் வாங்கியிருந்தேன். சொந்த ஊர் பக்கத்திலுள்ள வடகரை என்பதால் ஆட்களோடு எளிதில் ஒட்டிக்கொள்வேன் என்றும் நினைத்திருப்பார்கள். வந்த வேகத்தில் ஐம்பது பேரை ஐந்து குழுவாகப் பிரித்தேன். அவர்கள் செய்வதையெல்லாம் சோதித்துப் பார்க்க அக்காவும் இரண்டு பெண்களும் மட்டுமே இருந்தார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

அச்சன்புதூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, அக்கா ஐந்து கூட்டத்திலும் நிற்பார். ஒருநாள் என்னிடம் வந்தார்.

"அஞ்சு கூட்டமும் முடியதுக்குள்ள பாதி நாள் போயிருது சார். பெறவு எல்லாரும் ஒரே வியாழக்கிழமை கொண்டாந்து கொட்டுதாங்க. முன்னாடியே சேந்து உக்காந்து, யாரு எப்ப தரணும்னு பேசிக்கிட்டா போதும்."

"மேல இருந்து திட்டம் போட்டா அது பழைய முறை அக்கா. குழுதான் தன் வேலையை முடிவு பண்ணணும்."

"மேல இருந்து போடச் சொல்லலியே சார். பக்கத்துல உக்காரத்தான சொல்லுதேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் தலைமை அலுவலக அதிகாரிகள் பார்வையிட வருமுன், அக்கா சுவரில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டைக் கிழித்தேன். அவர்களுக்குத் தந்த அறிக்கையில், 'மாற்றத்துக்கு ஒத்துழைக்கவில்லை' என்று அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அடுத்த மாதமே அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அக்கா வேலையை விட்டார். கடைசி நாளன்று பாக்கிச் சோதனைகளின் பட்டியலை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சில வாரங்களில், ஒரு மருத்துவமனையில் ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் பெயரில் வந்தது. நர்ஸ் ஒருவர் கவனித்ததால் விபரீதம் ஏதும் நடக்கவில்லை. இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று சொல்லாமல் செய்த மாற்றத்தால் வந்த பிழை அது. அதன் பிறகுதான் ஐந்து தலைவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தேன். எல்லாம் சீரானது. மற்ற கிளைகளுக்கும் போய், பெரிய நிறுவனத்துக்கு ஏற்றபடி நான் கண்டுபிடித்த வழி என்று அதையே பேசினேன். கைதட்டினார்கள். அக்காவின் பெயரை எங்கும் சொல்லவில்லை.

இந்தச் சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போனபோது, ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் அக்கா இருந்தார். "வாங்க சார், ரெண்டு நாளா நல்ல சாரல்" என்று சாவியை நீட்டினார். வீட்டாரை அறைக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தார்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது சார்? கம்பெனிக்கு எழுதுங்க. எனக்கு ஒரு நகல் தாங்க. அம்மாவுக்கு வேலை தெரியலன்னுதான் எம் மவ இன்னும் நெனச்சிட்டு இருக்கா."

எழுதி முடிக்க நான்கு நாள் ஆனது. நிறுவனம் பதில் போடவில்லை. நகலை நானே அச்சன்புதூருக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தது மகள். வாசலில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள்.

"இத எழுதுனது நீங்களா?"

"ஆமா."

"அம்மாவப் பத்தி அந்த ரிப்போர்ட்டு எழுதுனதும் நீங்கதானா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவள் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். உட்காரச் சொல்லவில்லை.